டயரின் வெள்ளை எழுத்துகள்: கழுவுவதும் மினுக்குவதும்

டயரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் வெள்ளை எழுத்தைப் பெயின்ட் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பெயின்ட் அல்ல, வெள்ளை ரப்பர். சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பரோடு ஒரே அச்சில் வெந்து வந்ததுதான் என்றாலும் சேர்மானத்தில் அது முற்றிலும் வேறு. கறுப்பு ரப்பர் வெடிக்காமல் நெடுநாள் உழைப்பதற்காக அதற்குள் ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அந்த ரசாயனமே வெள்ளை ரப்பரைப் பழுப்பாக்குகிறது. கறுப்பு மினுமினுக்க நாம் பூசும் பாலிஷ், பழுப்பை இன்னும் வேகமாக வெள்ளைக்கு இழுத்து வருகிறது. எதைக் கொண்டு கழுவுவது, எதைப் பூசுவது என்று அமெரிக்கக் கார் பிரியர்களிடையே அரை நூற்றாண்டாக நடக்கும் வாதங்களை இந்த அடிப்படையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை எழுத்துள்ள டயரை நன்றாகக் கழுவ வேண்டும், பூசுவதை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். பெரும்பாலான கார் கழுவும் இடங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்: அவசரமாக ஒரு கழுவல், தாராளமாக ஒரு பூச்சு.

வெள்ளை டயருக்குப் புதிதாக வந்த அலங்காரம் அல்ல. கறுப்புதான் பின்னால் வந்தது. ரப்பர் பாலின் நிறமே வெள்ளை. துத்தநாக ஆக்சைடு சேர்த்துச் செய்த தொடக்ககால டயர்களும் வெளிர் நிறத்திலேயே இருந்தன. மிஷலின் நிறுவனத்தின் சின்னமான டயர் மனிதன் 1898-இல் வெள்ளை உடம்போடு பிறந்தது அதனால்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சில்வர்டவுனில் இருந்த ரப்பர் ஆலையில், மிக நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் ரப்பர் பலமடங்கு உறுதிப்படுகிறது என்று கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் இயங்கிய குட்ரிச் நிறுவனம் அதைக் கைக்கொண்டது. அவர்களுக்குக் கரித்தூள் விற்ற பின்னி அண்ட் ஸ்மித், குழந்தைகளுக்கான கிரையோலா மெழுகுக் குச்சிகளைச் செய்த அதே நிறுவனம்.

தேய்வது சாலையைத் தொடும் பகுதிதானே, அதற்கு மட்டும் கரித்தூள் போதும் என்று பக்கங்களை வெளிர் நிறத்திலேயே விட்ட டயர்களும் வந்தன. பின்னர் முழு டயரும் கறுத்தபோது, வெள்ளைப் பக்கம் பணக்காரர்களின் அடையாளமாகிவிட்டது. சிகாகோவின் வோக் டயர் நிறுவனம் 1914-லேயே வெள்ளைப் பக்க டயர்களைச் செய்தது. 1930-கள் முதல் 1950-கள் வரை அகலமான வெள்ளைப் பட்டை இல்லாத சொகுசுக் காரை அமெரிக்காவில் நினைத்துப் பார்ப்பதே கடினம். 1957-இன் கேடிலாக் எல்டொராடோ பிரௌமில் அந்தப் பட்டை மெலிந்தது. 1960-களின் தொடக்கத்தில் எல்லாக் கார்களிலும் மெலிந்தது. அடுத்து வேகக்கார்களின் காலம் வந்தது. 1964-இன் போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற கார்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட டயர்கள் கிடைத்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோடு போய் எழுத்து வந்தது. பந்தயக் கார்களின் டயரில் தூரத்திலிருந்தே தெரியும்படி போட்ட நிறுவனப் பெயரைத் தெருவில் ஓடும் காரிலும் பார்க்க இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். குட்இயரின் பாலிகிளாஸ், ஃபயர்ஸ்டோனின் வைட் ஓவல், பி.எஃப். குட்ரிச்சின் ரேடியல் டி/ஏ ஆகிய டயர்களின் பெயர்களை அந்தத் தலைமுறை மனப்பாடமாகச் சொல்லும்.

அந்த ஆசை இன்னும் ஓயவில்லை. டென்னசி மாநிலத்தில் 1958-இல் தொடங்கிய கோக்கர் டயர் நிறுவனம், பழைய கார்களுக்கென்று பழைய தோற்றத்திலேயே டயர்கள் செய்து விற்றுவருகிறது. இன்னொரு கிளை மண்சாலை வண்டிகள் பக்கம் போனது. பி.எஃப். குட்ரிச் 1976-இல் கொண்டுவந்த ஆல்-டெரைன் டி/ஏ வரிசையின் வழிவந்த டயர்கள் இன்றும் வெள்ளை எழுத்தோடு பிக்கப் வண்டிகளிலும் ஜீப்புகளிலும் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் தார் ஜீப் வாங்கிப் பெரிய டயர் மாட்டுகிறவர்களுக்கு வெள்ளை எழுத்து அறிமுகமானது இந்தக் கிளை வழியாகத்தான். இத்தகைய டயர்கள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே வெள்ளை எழுத்து இருக்கும். பராமரிக்கப் பொறுமை இல்லாதவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, எழுத்து எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். டயரைக் கட்டும்போது பக்கச்சுவரில் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெள்ளை ரப்பர் பட்டை ஒன்றைப் பதிக்கிறார்கள். அதன்மேல் மெல்லிய கறுப்பு ரப்பர் ஏடு ஒன்றைப் போர்த்துகிறார்கள். அச்சில் வைத்து வேகவைத்ததும் எழுத்துகள் புடைத்து வருகின்றன; அப்போது அவையும் கறுப்புதான். பிறகு புடைத்த தலைகளை மட்டும் சாணைக்கல் இயந்திரம் இழைத்தெடுக்கிறது. மேலே போர்த்திய கறுப்பு போனதும் கீழே இருக்கும் வெள்ளை தெரிகிறது. கூர்ந்து பார்த்தால் எழுத்தின் தலையில் அந்தச் சாணையின் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அழுக்கு முதலில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். இழைத்தெடுத்தது ஒருமுறை. அதற்குமேல் நாம் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதே வேலையைக் கையால் தொடர்கிறோம். கீழே இருக்கும் வெள்ளையின் கனமோ மிகக் குறைவு. இதை மறந்துவிட்டுத்தான் பலர் தேய்க்கிறார்கள்.

வெள்ளை ரப்பரில் கரித்தூள் கிடையாது. அதற்குப் பதில் டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, வெண்களிமண் போன்றவை உண்டு. வேட்டிக்கு நீலம் போடுவதுபோல மஞ்சள் சாயல் தெரியாமலிருக்க அல்ட்ராமெரின் நீலமும் துளி சேரும். கரித்தூள் இல்லாததால் அது கறுப்பு ரப்பரைவிட மென்மையானது. வெயிலைத் தாங்கும் தெம்பும் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, குளோரோபியூட்டைல், ஈ.பி.டி.எம். போன்று காற்றால் எளிதில் கெடாத செயற்கை ரப்பர்களை அதில் கலக்கிறார்கள். மேலே போர்த்தும் மெல்லிய கறுப்பு ஏட்டையும் கறை விடாத சேர்மானத்தில் செய்வதே வழக்கம். ஆலையில் இருப்பவர்கள் இந்தப் பகையை அறிந்து, வெள்ளைக்கும் மற்றக் கறுப்புக்கும் நடுவே முடிந்த அளவு வேலி போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வேலியை உடைப்பது பெரும்பாலும் நாம்தான்.

புது டயரில் வெள்ளை எழுத்தின்மேல் நீலமாகவோ பச்சையாகவோ ஒரு பூச்சு இருக்கும். கிடங்கில் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேலிருக்கும் டயரின் கறுப்பு கீழிருக்கும் வெள்ளையில் கறை ஏற்றாமல் தடுக்கவே அது. தண்ணீரில் கரையக்கூடிய பூச்சு. டயரை மாட்டிய அன்றே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு அதை அகற்றிவிட வேண்டும். ஓடும்போது தானாகப் போய்விடும் என்று விட்டால் வெயிலில் காய்ந்து, சாலைத் தூசும் சேர்ந்து, திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்ரோல் துணியைத் தேட வேண்டிவரும். அந்தத் துணிதான் வெள்ளை எழுத்தின் முதல் எதிரி. வண்டியிலிருந்து கழற்றி வைக்கும் டயர்களை அடுக்கும்போதும் வெள்ளையும் வெள்ளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பதே முறை.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? காற்றில் மிகச் சிறிய அளவில் ஓசோன் இருக்கிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கிறது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வருவது இதனால்தான். தடுப்பதற்கு டயர் நிறுவனங்கள் இரண்டு பொருள்களைச் சேர்க்கின்றன. ஒன்று மெழுகு. அது மெல்ல மேலே கசிந்து டயருக்கு ஒரு தோலாக நிற்கிறது. வண்டி நின்றிருக்கும்போது அது போதும். ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்வதால் மெழுகுத் தோல் விரிசல் விடும். அங்கே வேலை செய்யவே இரண்டாவது பொருள்: 6பி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரசாயனம். ரப்பருக்குள்ளிருந்து அது ஓயாமல் மேலே வந்து, ரப்பரை முந்திக்கொண்டு தானே ஓசோனோடு வினைபுரிகிறது. வினைபுரிந்த மிச்சம்தான் அந்தப் பழுப்பு.

ஆகவே டயர் பழுப்பேறுவது அழுக்கு அல்ல; டயர் தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளம். கழுவித் தள்ளினால் சில வாரங்களில் மறுபடி வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அது கறுப்பில் இருக்கும்வரைதான் நல்லது. எண்ணெயோ கரைப்பானோ பட்டால் அது நகர ஆரம்பித்து, வெள்ளையில் ஊறி மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் தங்கிவிடுகிறது. மேலே படிந்த பழுப்பைக் கழுவலாம். உள்ளே ஊறியதை எந்தச் சோப்பும் எடுக்காது. எத்தனை முறை தேய்த்தாலும் மறுநாள் எழுத்து மஞ்சளாகிவிடுகிறது என்று புலம்புகிறவர்களின் டயரில் நடந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

கழுவும் பொருள்களைப் பற்றிய கருத்துகள் பல. டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது மென்மையான சோப்பு, தண்ணீர், பிரஷ். கண்காட்சிக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு இது போதுவதில்லை. அவர்களிடையே நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை வெஸ்ட்லீஸ் பிளீச் வைட் போன்ற காரத்தன்மையுள்ள திரவங்கள். மெட்டாசிலிக்கேட் போன்ற காரமும் கொழுப்பைக் கரைக்கும் பொருளும் கலந்த இவை, பழைய பாலிஷையும் சாலை எண்ணெயையும் ஒரே தடவையில் கிளப்பிவிடும். இவற்றை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். பல மாதப் பூச்சு ஏறிய டயரை மீட்க இவை தேவைதான். ஆனால் வாராவாரம் பயன்படுத்த வேண்டியவை அல்ல. மெழுகுத் தோலையும் சேர்த்தே கழுவிவிடும். பூச்சில்லாத அலுமினிய வீலில் வழிந்து காய்ந்தால் வெண்படலமாகக் கறை விழும். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. வீல் கழுவ விற்கும் அமிலத் திரவங்கள் வேறு ரகம். பிரேக் தூசியைக் கரைக்கச் செய்தவை அவை. டயரில் அவற்றுக்கு வேலையே இல்லை. சிலவற்றில் உள்ள அமோனியம் பைஃபுளோரைடு தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும்.

வெள்ளையாக்கத்தானே என்று துணிக்குப் போடும் பிளீச்சை டயரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பூஞ்சையையும் சாயத்தையும் வெளுக்கும் குளோரின், ரப்பர் மூலக்கூறுகளையும் தாக்கும். அன்று வெளுப்பாகத் தெரியும். கறுப்பு ரப்பர் வறண்டு சாம்பல் பூத்துப்போகும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவை இன்னும் மோசம். ரப்பர் அவற்றைக் குடித்து உப்பும். உப்பிய ரப்பரில் உள்ளேயிருக்கும் கறுப்பு எண்ணெயும் 6பி.பி.டி.யும் தடையின்றி வெள்ளைக்குள் நகரும். நம் ஊரில் சில வாட்டர் வாஷ் இடங்களில் வண்டிக்கு அடியில் டீசல் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் தெறிப்பது டயரில்தான் படுகிறது. வெள்ளை எழுத்துள்ள டயர் வைத்திருப்பவர் அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தேய்க்கும் பொருள்களில் அமெரிக்க வீடுகளின் முதல் தேர்வு சமையலறையிலிருந்தே வந்தது: சோப்பு ஊறிய கம்பி நார். சான்பிரான்சிஸ்கோவில் 1917-இல் அலுமினியப் பாத்திரம் விற்ற எட் காக்ஸ் என்பவர், வாடிக்கையாளர்களைக் கவரக் கொடுத்த இலவசப் பொருளாகத் தொடங்கியது எஸ்.ஓ.எஸ். கம்பி நார். பாத்திரத்துக்குச் செய்த அது வெள்ளைப் பட்டை டயர்களுக்கும் எழுத்துகளுக்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டுவருகிறது. பலன் உடனே தெரியும், ஏனென்றால் அது அழுக்கைக் கழுவவில்லை, வெள்ளையின் மேல்தோலையே உரித்தெடுக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை என்றால் கெடுதல் பெரிதாக இல்லை. எழுத்தின் ஓரத்தைத் தாண்டிக் கறுப்பிலும் தேய்த்தால்தான் வினை. அங்கே போர்த்திய ஏடு மெல்லியது. அது தேய்ந்துவிட்டால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக ஒரு விளிம்பு விழும், எழுத்தின் கூர்மை போய்விடும். உடைந்த கம்பித் துணுக்குகளை முழுதாக அலசாவிட்டால் துருக்கறை வேறு. 2003-இல் மிஸ்டர் கிளீன் பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த மெலமின் நுரைக் கட்டி இதற்கு நல்ல மாற்று. அதுவும் உரசித்தான் எடுக்கிறது, ஆனால் மிக நுண்மையாக. சிறு துண்டாக வெட்டி எழுத்தின் தலையில் மட்டும் தேய்க்கவும் வசதி. நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது கடைசி வழி. உள்ளே ஊறிய பழுப்புக்கு அது ஒன்றுதான் மருந்து. அதையும் பலமுறை செய்ய முடியாது.

ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். வண்டி நிழலில் நிற்க வேண்டும், டயர் தொட்டால் சுடக்கூடாது. சூட்டில் திரவம் உடனே காய்ந்து கறையாகும். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மணலை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மணலே உப்புத்தாளாக மாறிவிடும். அளவாகத் தண்ணீர் கலந்த திரவத்தைத் தெளித்து, நைலான் பிரஷால் சிறு வட்டங்களாகத் தேய்க்கும்போது நுரை முதலில் அடர்பழுப்பாக எழும். அதை அலசிவிட்டு மறுபடி தேய்த்தால் நிறம் வெளிறியிருக்கும். நுரை வெள்ளையாகவே நிற்கும்வரை தொடர வேண்டும். புதிதாகக் கழுவ வந்தவருக்கும் அனுபவசாலிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். முன்னவர் எழுத்து வெளுத்ததும் நிறுத்திவிடுவார். பின்னவர் கறுப்பிலிருந்து வரும் நுரை வெளுக்கும்வரை விடமாட்டார். கறுப்பில் மிஞ்சிய பழுப்புதானே அடுத்த வாரம் வெள்ளைக்கு வரப்போகிறது.

பிறகுதான் எழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். குட்இயரில் வரும் 'ஓ' எழுத்துகளின் உள்வட்டமும் 'ஜி' எழுத்தின் வளைந்த மூலையும் பிரஷுக்கு எளிதில் சிக்காது. எழுத்தின் சுவர் பக்கச்சுவரைத் தொடும் அந்த ஓரத்தில் கறுப்புக் கோடாக அழுக்கு நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று போதும். தலையில் மஞ்சள் மிச்சமிருந்தால் மெலமின் துண்டால் இரண்டு மூன்று இழுப்பு, சாணைக் கீறல் ஓடும் திசையிலேயே. நிறைய தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றி, முழுதாகக் காயவிட வேண்டும். ஈரத்தின்மேல் பூசும் எந்தப் பாலிஷும் ஒட்டாது, வழியும்.

பூசுவதுதான் பெரிய சர்ச்சை. 1962-இல் ஜோ பால்ச்சர் என்பவர் உருவாக்கிய திரவம் ஒன்று, 1970-களில் ஆர்மர் ஆல் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் பரவியது. டயர் என்றால் பளபளக்க வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இன்று கடையில் இருக்கும் டயர் பாலிஷ்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். தண்ணீரில் சிலிகோன் எண்ணெயைக் குழைத்தவை பால்போல வெள்ளையாக இருக்கும். காய்ந்தால் அடக்கமான கறுப்பு, ஒன்றிரண்டு மழையில் போய்விடும். பெட்ரோலியக் கரைப்பானில் சிலிகோனைக் கலந்தவை தெளிவாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஈரம் சொட்டுவது போன்ற பளபளப்பு, பல வாரம் நிற்கும்.

சிலிகோன் டயரை வெடிக்கச் செய்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சிலிகோன் எண்ணெய் ரப்பரோடு வினைபுரியும் பொருளே அல்ல. சந்தேகிக்க வேண்டியது கூட வரும் கரைப்பானை. அது மெழுகையும் 6பி.பி.டி.யையும் மேலே இழுத்துக் கழுவிவிடுகிறது. வெள்ளை எழுத்து அருகில் இருந்தால் அதற்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெள்ளை எழுத்து இல்லாத டயரில் கரைப்பான் வகையைப் பூசுவது அவரவர் விருப்பம். வெள்ளை எழுத்துள்ள டயரில் அதைப் பூசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் வகையையும் டயரின்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. நுரைத் தட்டில் சில துளி எடுத்து, கறுப்பில் மட்டும் மெல்லியதாகத் தடவி, எழுத்துகளுக்கு நடுவே வரும் சந்துகளுக்குச் சிறு தூரிகை பயன்படுத்தலாம். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அப்போதும் துணியில் ஒட்டுவது எல்லாம் தேவைக்கு மேல் பூசியதுதான். பிறகு ஈரத் துணியின் சுத்தமான ஓரத்தால் ஒவ்வொரு எழுத்தின் தலையையும் துடைக்க வேண்டும். துடைக்காமல் வண்டியை எடுத்தால் டயர் சுழலும் வேகத்தில் பாலிஷ் சிதறி ஃபெண்டரிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். அந்த வண்டி பிறகு பெயின்ட் அடிக்கப் போனால் பட்டறைக்காரர் படும் பாடு சொல்லி முடியாது. சிலிகோன் துளி இருந்த இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் விலகிக் குழிகுழியாக நிற்கும்.

சாலையைத் தொடும் பகுதியில் பாலிஷ் படக்கூடாது. பிரேக் போட்டால் வழுக்கும். இரண்டு சக்கர வண்டியில் பக்கச்சுவருக்கும் அந்தப் பகுதிக்கும் நடுவே இடமே கிடையாது. வளைவில் சாயும்போது ஓரமும் சாலையைத் தொடுகிறது. பைக் டயருக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

ஆலையிலிருந்து வரும் புது டயர் மினுமினுப்பதில்லை. அது மங்கலான, ஒளியை உறிஞ்சும் கறுப்பு. அந்த மங்கலுக்கு நடுவில்தான் வெள்ளை எடுப்பாகத் தெரியும். கண்ணாடிபோல மின்னும் கறுப்பில் வானமும் பக்கத்து வண்டியும் பிரதிபலித்து எழுத்தின் தெளிவைக் கெடுக்கின்றன. அழகு என்று பார்த்தாலும் குறைவாகப் பூசுவதே சரி.

மினுமினுப்பு இன்னொன்றையும் மறைக்கிறது: வயது. பழைய காரை வைத்திருப்பவர்கள் வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார்கள். சாலையைத் தொடும் பகுதி தேயாமல் புதிதுபோலவே இருக்கும். எழுத்தும் வெளுப்பாக இருக்கும். ஆனால் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூத்துக்கொண்டேதான் இருக்கிறது. நின்ற வண்டியில் பக்கச்சுவர் வளைந்து நிமிராததால் மெழுகும் மருந்தும் மேலே வருவது குறைகிறது. வெடிப்பு தொடங்கியிருந்தாலும் பாலிஷ் அதை நிரப்பி மறைத்துவிடும். டயரைக் கழுவிக் காயவைத்த அந்தச் சில நிமிடங்கள்தான் அதன் உண்மை நிலை தெரியும் நேரம். பூசுவதற்கு முன் எழுத்துகளின் அடியிலும் ரிம் ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குறியீட்டு முறையில் 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் எண் வரிசை நான்கு இலக்கத்தில் முடியும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெள்ளை எழுத்தை வெளியே வைத்து மாட்டிய டயரில் வண்டிக்கு அடியில் குனிந்து தேட வேண்டியும் வரலாம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடம் ஒருமுறை நிபுணரிடம் காட்டச் சொல்கிறது மிஷலின். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டில் மாற்றிவிடச் சொல்கிறது. நான்கு டயரின் விலையை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் வெள்ளை எழுத்து எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது டயரின் நலத்துக்குச் சான்றாகாது.

வெள்ளை ரப்பர் இல்லாத டயரில் எழுத்தைப் பெயின்ட் பேனாவால் நிரப்புவது எங்கும் காணும் பழக்கம். அன்று அழகாகத்தான் இருக்கும். ரப்பர் வளையும் அளவுக்குப் பெயின்ட் வளையாது, அதனால் சில வாரங்களில் வெடித்து உதிரும். சாதாரண எனாமல் பெயின்டில் உள்ள கரைப்பானும் ரப்பருக்கு ஆகாது. ரப்பரோடு வளையக்கூடிய பெயின்டுகளும் பசையால் ஒட்டும் ரப்பர் எழுத்துகளும் இப்போது கிடைக்கின்றன. ஒட்டுவதற்கு முன் மெழுகையும் பாலிஷையும் சுத்தமாக எடுக்காவிட்டால் அவையும் நிற்காது. தேய்ந்து வெள்ளை தீர்ந்துபோன எழுத்துக்கு மேல் இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நல்ல வெள்ளை ரப்பருக்கு மேலேயே பெயின்ட் அடிப்பதுதான் வீண் வேலை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி அண்மையில்தான் இந்த வாதத்துக்குள் வந்தது. அமெரிக்காவின் வடமேற்கில், பியூஜெட் சவுண்ட் பகுதியில், மழைக்குப் பின் ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே கூட்டமாகச் செத்து மிதந்தன. பல ஆண்டுத் தேடலுக்குப் பின், 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் காரணத்தைச் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். டயரிலிருந்து வரும் 6பி.பி.டி., ஓசோனோடு சேர்ந்து உருவாக்கும் 6பி.பி.டி.-குவினோன் என்ற பொருள்தான் மீன்களைக் கொல்கிறது. நுரையில் நாம் பார்க்கும் அதே பழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. லிட்டருக்கு 100 நானோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோ மீன்களில் பாதியைக் கொல்லப் போதும் என்று அடுத்துவந்த அளவீடுகள் காட்டின. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா, 6பி.பி.டி. உள்ள டயர்களுக்கு மாற்று தேடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்கிலாலம், பியூயலப் ஆகிய பூர்வகுடிகள் அதே ரசாயனம் பற்றிக் கொடுத்த மனுவை அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஏற்றுக்கொண்டது.

ஓடைகளுக்குப் போகும் நஞ்சில் மிகப் பெரும்பங்கு சாலையில் தேயும் டயர்த் துகளிலிருந்து வருவது. வீட்டு வாசலில் ஒரு காரைக் கழுவுவதால் வருவது அதன் முன் சிறிது. ஆனாலும் பழுப்பு நுரையை மழைநீர்க் கால்வாயில் விடாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. அந்தக் கால்வாய் பெரும்பாலான ஊர்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. தண்ணீரைச் சாக்கடைக் குழாயோடு இணைத்திருக்கும் கழுவும் நிலையங்களில் கழுவுவது மேல். வீட்டில்தான் என்றால், திரவத்தைக் குறைத்து, அலசும் தண்ணீர் மண்ணில் இறங்கும்படி புல்தரையிலோ சரளைத் தரையிலோ வண்டியை நிறுத்தலாம்.

6பி.பி.டி.க்கு மாற்றாக எது வரும் என்பதைப் பொறுத்து வெள்ளை எழுத்தின் கதியும் மாறும். கறை விடாத ஒரு தடுப்பு மருந்து கிடைத்தால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள பகை தணியும். ஓசோனை அவ்வளவு நன்றாகத் தடுக்காத ஒன்று வந்தால், பழுப்பு குறைந்து வெடிப்பு கூடும். அப்போது கழுவுகிறவர் எழுத்தைவிடக் கறுப்பையே அதிகம் கவனிக்க வேண்டிவரும்.